விளிம்பு மூடாத பல்

டொரதி டீச்சரின் கடைவாய்ப் பல்லுக்கு வார்த்த உலோக மூடி இரண்டாவது தடவையும் பொருந்தவில்லை. கண்டியிலிருந்து பல் டொக்டர் கிளைவ் போன் எடுத்தார்.

"இந்தச் சனிக்கிழமையும் சரிவரல்லன்னா நான் இனி கொழும்புக்குத்தான் அனுப்பணும், ஜவாஹிர். கோவிச்சுக்காதீங்க."

அக்குறணையில் பல் மூடிகள் செய்யும் லேப் ஒன்றை ஜவாஹிரும் தங்கை பாயிஸாவும் நடத்துகிறார்கள். மெழுகில் பல்லைச் செதுக்குவது அவள் நானா என்று கூப்பிடும் அண்ணன், உலோகத்தில் வார்ப்பது தங்கை.

"எல்லாம் ஒன்ட அவசர வார்ப்பாலதான்" என்றான் ஜவாஹிர்.

மெழுகுப் பல்லை, சூடு தாங்கும் அச்சு மாவைக் குழைத்த குழம்பில் புதைத்து உலையில் வைத்தால் மெழுகு எரிந்துவிடும். அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகம் இறங்கும். ஆறும்போது உலோகம் சுருங்குமே, அதற்கு ஈடாக மா முன்பே விரிந்திருக்க வேண்டும். பழைய முறையில் இறுகிய அச்சைக் குளிர்ந்த உலையில் வைத்து மெல்ல மெல்லச் சூடாக்குவார்கள். பாயிஸா கொண்டுவந்த புதிய முறையில், மா இறுகிய கையோடு அச்சு நேரே கொதிக்கும் உலைக்குள் போகும்.

"அப்ப அம்ஜத் டொக்டருக்கு இதே முறையில செஞ்சதெல்லாம் எப்பிடி நானா பொருந்திச்சி? அதே மா, அதே உலை."

"அதுதான் எனக்கும் வெளங்கல்ல."

பாயிஸாவுக்கும் விளங்கவில்லை. இரண்டாவது தடவை மா கூடுதலாக விரியும்படி கலந்து பார்த்திருந்தாள். மூடி தளர்ந்தது. ஆனாலும் ஒரு பக்க விளிம்பு தூக்கியே நின்றது. விரிவு போதாவிட்டால் சுற்றிவர அல்லவா இறுக்க வேண்டும்?

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு லேப்பை மூடும் நேரம். ஜவாஹிர் மெழுகுப் பல்லை, டீச்சரின் பல்லைப் போலவே வார்த்த கல் மாதிரியிலிருந்து கழற்றி, உலோகம் இறங்க வழிவிடும் வார்ப்புத் தண்டில் ஒட்டி வைத்தான். "வந்தொடன மா கலக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனான்.

வழக்கமாகப் பாயிஸாவும் அந்நேரம் வீட்டுக்குப் போய்விடுவாள். அன்று போக மனம் வரவில்லை. அந்த மெழுகையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, ஏனென்று தெரியாமலே, கல் பல்லை எடுத்து அதற்குள் செருகிப் பார்த்தாள். ஒரு பக்க விளிம்பு மூடவில்லை.

இன்னும் மா கலக்கவில்லை. உலைக்குக் கிட்டவும் போகவில்லை.

ஜவாஹிர் வந்ததும் அவள் மெழுகை நீட்டினாள். அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நான் போகக்குள்ள சரியா ஈந்திச்சே!"

"ஈந்திச்சி. சூடாக்கி வளைச்ச மெழுகு கல்லுல ஈக்கிற வரைக்குந்தான் அடங்கி ஈக்கும். கழட்டி வெச்சா மெல்ல நெளிஞ்சிரும். முந்தி நீங்க மாவுல பொதச்சிட்டுத்தானே பள்ளிக்குப் போவீங்க? இப்ப மா இறுகினொடன உலைக்குப் போகணும்னு கலக்காம வெச்சிட்டுப் போறீங்க. சனிக்கிழமைக்குக் கேக்கிறது கிளைவ் டொக்டர் மட்டுந்தான். அதால அவருக்குத்தான் எப்பவும் வெள்ளிக்கிழமை வார்ப்பு."

"அப்ப தொழப் போக வேணாமா?"

"போங்க நானா. மெழுகக் கல்லுலயே விட்டுட்டுப் போங்க."

அவன் கல்லின் மேலேயே விளிம்பை மறுபடி உருக்கிச் செதுக்கினான். கழற்றிய கையோடு அவள் மாவில் புதைத்தாள்.

"ஆனா பழைய முறையில இந்தப் பிரச்சின வரல்லயே. அப்ப அதுதானே நல்லம்?" என்றான் அவன்.

மா இறுகியதும் பாயிஸா அச்சை இடுக்கியால் தூக்கி நேரே கொதிக்கும் உலைக்குள் வைத்தாள்.

சனிக்கிழமை கிளைவ் டொக்டர் பேசினார். "அப்படியே போய் உக்காந்துட்டுது! எந்த மா மாத்தினீங்க?"

ஜவாஹிர் தங்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"மா மாத்தல்ல, டொக்டர்."

"உலை?"

"அதுவும் இல்ல."

"சரி" என்றார் டொக்டர். "திங்கக்கிழமை இன்னும் ரெண்டு அனுப்புறேன்."