ஓசிக் காவல்காரன்

இலவசம் என்ற சொல் காதில் விழுந்தால் போதும், என் வீட்டுக்காரர் அனந்தராமனுக்கு முகமே மலர்ந்துவிடும். கல்யாணமான நாளிலிருந்து இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மயிலாப்பூர் தெற்கு மாடவீதியில் நாங்கள் நடத்திய கம்ப்யூட்டர் ஜாதகக் கடைக்குத் தொண்ணூற்றொன்பதாம் வருடத் தை மாதத்தில் வைரஸ் வந்து சேர்ந்தது. யாரோ ஒரு புண்ணியவான் ஃபிளாப்பியில் கொண்டுவந்து ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். கல்யாண சீசனில் மெஷின் படுத்துக்கொண்டது.

"காசு குடுத்து ஒழுங்கா ஒரு ஆன்டிவைரஸ் வாங்கிப் போடுங்கோ" என்றேன்.

அவர் கேட்டால்தானே. கம்ப்யூட்டர் பத்திரிகை ஒன்றோடு வந்த சிடியில் மூன்று இலவச ஆன்டிவைரஸ்கள் இருந்தன. பெண் பார்க்கப் போகிறவர் போல ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். முதலாவது, ஒரு மாதம்தான் ஓசி என்றது. இரண்டாவதைப் போட்டதும் மெஷின் நொண்ட ஆரம்பித்தது. ஒரு ராசிக் கட்டம் வருவதற்குள் வந்தவர்கள் காபி குடித்துவிட்டு வந்துவிடலாம். மூன்றாவது ஆயுசுக்கும் இலவசம். அதைத்தான் பிடித்துப் போட்டார்.

அந்த மகராசன் சும்மா காவல் காப்பானா? திடீர் திடீரென்று திரை நடுவில் ஒரு சிவப்புப் பெட்டி எழும்பும். 'டேஞ்சர்' என்று கொட்டை எழுத்தில் இங்கிலீஷில் போட்டு, ஆச்சரியக்குறி வைத்து, டொய்ங் என்று ஒரு சத்தமும் கொடுக்கும். கீழே பொடி எழுத்தில், முழுப் பதிப்பை விலைக்கு வாங்கச் சொல்லி விளம்பரம். மூலையில் இருக்கும் கடுகளவு பெருக்கல் குறியை அமுக்கினால்தான் அது போகும். எனக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். அவருக்கோ அது ஒரு பொருட்டே இல்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் காலையில் இசக்கியம்மாள் தன் மகள் பூஜாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். தி. நகர் ரங்கநாதன் தெருவில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக் குடும்பம். பூஜாவுக்கு இருபத்தேழு வயது. நாலு வரன் தட்டிப்போயிருந்தது, எல்லாம் சகுனத்தால். ஒரு தடவை பூனை குறுக்கே போனது, ஒரு தடவை விளக்கு அணைந்தது. இந்த முறை கே.கே. நகர் பையன் ஜவஹர். பெண் பார்க்க வந்தவனிடம் பூஜா பத்து நிமிஷம் பேசியிருக்கிறாள், முதல் தடவையாகப் பிடித்திருக்கிறது என்று வாய் திறந்து சொல்லியும் இருக்கிறாள். அதை இசக்கியம்மாளே பெருமையாக என்னிடம் சொன்னார். பூஜா தலையைக் குனிந்துகொண்டாள்.

இவர் இரண்டு பேர் விவரத்தையும் அடித்தார். பத்துக்கு எட்டுப் பொருத்தம். ரஜ்ஜு உண்டு. தாலி பாக்கியத்துக்குப் பார்ப்பது அதுதான்; அது இல்லையென்றால் புருஷன் ஆயுசுக்கு ஆகாது என்று பயப்படுவார்கள். இசக்கியம்மாள் கையெடுத்துக் கும்பிடப் போன அந்த நிமிஷம் பார்த்து, டொய்ங்!

"என்னது இது, செகப்பா? என்ன எழுதியிருக்கு?"

பொய் சொல்ல வழியில்லை. பூஜா படித்தவள். "ஆபத்துன்னு போட்டிருக்கும்மா" என்றாள். குரலே எழும்பவில்லை.

"போதும். எந்திரி பூஜா."

"அம்மா, இது வெறும் விளம்பரம்!" என்று நான் பதறினேன். "ஓசில போட்டதாலே இப்படிக் கத்திண்டே இருக்கும்."

"நல்ல காரியம் பேசையிலதான் கத்தணுமாக்கும்? எனக்கு மனசு ஒப்பல தாயி."

பூஜா எழுந்தாள். அழவில்லை. பழகிப்போனவள் போல் கைப்பையை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

இவர், "அம்மா, செத்த உக்காருங்கோ" என்றார். "புதுசா எதைச் சேவ் பண்ணினாலும் இந்தப் பெட்டி வரும். யார் ஜாதகம் போட்டாலும் வரும்."

இசக்கியம்மாள் யோசித்தார். "அப்படின்னா, நல்லா வாழுதவங்க ஜாதகம் ரெண்டு போடுங்க. கண்ணால பாத்தவங்களா இருக்கணும். அவங்களுக்கும் வந்தா நம்புதேன்."

"எங்களோடதையே போடறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்கவில்லை. சாமி சந்நிதியில் பூக்கட்டிப் பார்த்து, வெள்ளைப் பூ வந்தது, சாமி சம்மதம் என்று முடித்தார்கள். ஆனால் கடை தொடங்கிய புதிதில், இவர் வெளியே போயிருந்தபோது, எங்கள் விவரத்தை அடித்துப் பார்த்துவிட்டு உடனே அழித்துவிட்டேன். வேண்டாம் என்று கண் ஜாடை காட்டினேன். அவர் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

டொய்ங்! அதே சிவப்பு, அதே ஆபத்து.

"அட, ஆமா!" என்றார் இசக்கியம்மாள். பூஜாவின் முகத்தில் உயிர் வந்தது. அதோடு நின்றிருக்கலாம். "பெட்டிய மூடுங்கய்யா, உங்களுக்கு எத்தனை பொருத்தம்னு பாப்போம்."

இவர் ஒரு கணம் தயங்கினார். பிறகு மூடினார்.

பத்துக்கு மூன்று. ரஜ்ஜு இல்லை. நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இசக்கியம்மாள் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். "எத்தனை வருசம் ஆச்சு?"

"இருபத்தாறு" என்றார் இவர். "பிரஷர் மாத்திரை ஒண்ணு சாப்பிடறேன். வேற ஒரு குறையுமில்லை."

இசக்கியம்மாள் மகளின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். "எட்டு இருக்கு நமக்கு. இன்னும் என்னத்தப் பாக்க? முடிச்சிருவோம்ட்டி." பூஜா அப்போதுதான் அழுதாள்.

அவர்கள் போனதும் நான் கேட்டேன்: "அந்த ரிசல்ட்டைப் பாத்து நீங்க திடுக்கிடவே இல்லையே?"

"மெஷின் வந்த அன்னிக்கே போட்டுப் பாத்தாச்சு. நோக்குத் தெரிஞ்சா பயப்படுவேன்னு அழிச்சுட்டேன்."

"ஏன்னா, நானும் பாத்தேன்."

"தெரியும். கடை ஆரம்பிச்ச நாள்லேர்ந்து வெள்ளிக்கிழமை மட்டும் ராத்திரி பசிக்கலை, பசிக்கலைன்னு பட்டினி கிடக்கறயே, அது யாருக்காகன்னு நேக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுண்டே ஏன் ஒரு வார்த்தை கேக்கலை?"

"கேட்டா நானும் பாத்துட்டேன்னு ஆயிடுமே. அப்பறம் நீ இன்னும் ஜாஸ்தி பயப்படுவே."

இந்த மனுஷனை என்ன செய்வது? புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அன்றைக்கும் வெள்ளிக்கிழமைதான். ராத்திரி என் தட்டில் நாலாவது தோசையை அவர் போட்டபோது வேண்டாம் என்று சொல்லவில்லை.