அடித்துவிட்ட வரி

சோபாவை அவளும் கணவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து உள்ளறைக்குத் தள்ளினார்கள். கூடத்தில் ஓர் ஆள் நீளத்துக்கு இடம் வேண்டும். அண்ணன் உடலை ஆஸ்பத்திரியிலிருந்து நேராக இங்கேதான் கொண்டுவருகிறார்கள். அவன் குடியிருந்தது மூன்றாவது மாடி, படிக்கட்டு குறுகல்.

அண்ணி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்த குரல். "உங்களுக்குச் சிரமம் ஒண்ணும் இல்லையே?"

"என்ன அண்ணி பேசறீங்க!"



அண்ணன் அச்சகத்தில் பிழை திருத்துபவன். பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தைக்கூடப் படிக்காமல் விடமாட்டான். ஆறு வருஷத்துக்கு முன் அவள் தையல் கம்பெனி தொடங்கி, கட்டடம் வாடகைக்கு எடுக்கப் போனபோது துணைக்கு வந்தான். பதினெட்டுப் பக்க ஒப்பந்தம். கட்டடக்காரர் பேனாவை நீட்டிக்கொண்டே இருந்தார்; இவன் வரிவரியாக விரலை நகர்த்திக்கொண்டே இருந்தான். பதினாறாம் பக்கத்தில் விரல் நின்றது.

"கம்பெனி வாடகை தரலேன்னா இவ சொந்தச் சொத்துலேர்ந்து தரணும்னு இருக்கே. இத அடிச்சிடுங்க."

"எல்லாரும் ஒத்துக்கறதுதாங்க" என்றார் கட்டடக்காரர்.

"எடம் எடுக்கறது கம்பெனி. இவ இல்ல."

"அண்ணா, மானத்த வாங்காத. எடம் கைய விட்டுப் போயிடும்" என்று அவள் பல்லைக் கடித்தாள். அவன் நாற்காலியை விட்டு அசையவில்லை. ஒரு மணி நேரம் கழித்து அந்த மனிதர் சலித்துப்போய் வரியை அடித்தார். அவள் கையெழுத்துக்குக் கீழே 'கம்பெனிக்காக, இயக்குநர்' என்றும் எழுதவைத்தான் அண்ணன். திரும்பும் வழியெல்லாம் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மூன்றாம் வருஷம் கம்பெனி படுத்துவிட்டது. மிஷின்கள் போயின, துணிக்கட்டுகள் போயின. அவள் பேரில் மிச்சம் இந்த வீடு மட்டும். கட்டடக்காரரின் வக்கீல் ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்தாராம். வீட்டுப் பக்கம் வரவேயில்லை.

அண்ணன் ஒரு நாள்கூடச் சொல்லிக்காட்டியதில்லை. வருவான், காபி குடிப்பான், செய்தித்தாளில் பிழை கண்டுபிடித்துச் சிரிப்பான், போவான். ஒவ்வொரு தடவையும் இந்த வீடு உன்னால்தான் மிஞ்சியது என்று அவள் சொல்ல வாயெடுத்து, அடுத்த முறை சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவாள்.

வெளியே வண்டி வந்து நின்றது.

"ஒத்தக் கதவு பத்தாது" என்றார் கணவர்.

வாசல் கதவின் மறுபாதியைக் குடிவந்த நாளிலிருந்து திறந்ததேயில்லை. கீழ்த் தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. அவள் சுத்தியலோடு மண்டியிட்டாள்.

"விடு, நான் பாக்கறேன்."

அவள் விடவில்லை. ஐந்தாவது தட்டில் தாழ்ப்பாள் எழும்பியது. இரண்டு கதவுகளையும் அகலத் திறந்துவைத்துவிட்டு, வாசலில் கிடந்த செருப்புகளை ஒவ்வொரு ஜோடியாக ஓரம் ஒதுக்கினாள்.