எந்தக் காற்று

1

மலைப்பாதையில் கார்ப் போட்டி நடந்த அன்று, கோமுகி அணைக்கு மேலே, மலைப்பாதை தொடங்கும் இடத்தில், எங்கள் வண்டியருகே இருந்தவர்கள்: களமருதூர் கந்தசாமி, அவர் மகன் இளமாறன், பங்காளி பாவாடை, உளுந்தூர்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் சின்னராசு, போட்டிக்கு வந்த இன்னொரு வண்டியை ஓட்டிய பகலவன். ஐந்து பேர். தாங்களும் இருந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் ஊரில் நாற்பது பேராவது உண்டு. அவர்கள் யாரும் இல்லை.

கந்தசாமி என்பது இதை எழுதுகிறவர்தான். முதலில் 'நான்' என்று தொடங்கி நான்கு தாள் வீணானது. அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் பேனா நின்றுவிடுகிறது. கந்தசாமி என்று எழுதினால் நகர்கிறது. வாசிப்பவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எழுத வந்த காரணம் மருமகள் கோகிலவாணி. போன மாதம் வந்து எதிரில் நின்றாள். "மாமா, அன்னிக்கு இன்னா நடந்துச்சின்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. பாப்பா பெருசாயி கேட்டா நான் இன்னா சொல்றது?"

2

முதல் தொடக்கம்: 'களமருதூரில் நான்கு தலைமுறையாகச் சொல் தவறாத குடும்பம் என்று பெயரெடுத்த—'

(இது வேண்டாம். செத்தவனைப் பற்றி எழுதும் இடத்தில் இது எதற்கு?)

இரண்டாம் தொடக்கம்: டர்போ என்பது ஒரு சிறு சக்கரம். எஞ்சின் வெளியே தள்ளும் புகையின் வேகத்திலேயே சுற்றும். சுற்றி, வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் அனுப்பும். காற்று கூடினால் பெட்ரோலும் கூட எரியும், வலு கூடும். எவ்வளவு அனுப்பலாம் என்பதற்கு ஓர் அளவு உண்டு. அதற்கு மேல் உள்ளிருக்கும் இரும்பு தாங்காது. பட்டறைக்காரர்கள் இந்த அழுத்தத்துக்கு வைத்திருக்கும் பெயர் 'காத்து'.*

* கந்தசாமிக்கு இது அப்போது தெரியாது. அவருக்குத் தெரிந்தது டிராக்டர். அங்கே காத்து என்றால் டயரில் அடிப்பது.

3

பகலவன் வண்டி ஒரு கம்பெனி, இளமாறன் வண்டி வேறு கம்பெனி. எஞ்சின் அளவு ஒன்றே, இரண்டிலும் டர்போ உண்டு. ஆனால் அவனுடையது நூற்றிருபது குதிரைத்திறன், நம்முடையது நூறு. அளவு ஒன்றுதானே என்று போட்டி நடத்தியவர்கள் இரண்டையும் ஒரே பிரிவில் விட்டார்கள். முதல் ஓட்டத்தில் இளமாறன் நான்கு விநாடி பின்தங்கினான்.

"இன்னா இளமாறா, உன் கம்பெனிக்காரன் குதிரைய எண்ணிப் போட்டானா, நடுவுல கழுதைய கலந்துட்டானா?" என்றான் பகலவன்.

"இருவது குதிரை ஜாஸ்தி வாங்கிக்கினு நாலு செகண்டுதான் முந்துன. இதுல பேச்சு வேற!"

இருவரும் சிரித்தார்கள். பாவாடை கந்தசாமியின் காதருகே வந்து, "தோத்துக்கினு சிரிக்கிறான் பாரு நம்ம வூட்டுப் புள்ள" என்றார். அது தைத்தது.

கந்தசாமி வண்டியைச் சுற்றி வந்தார். பின் டயர் சப்பையாகத் தெரிந்தது. (போட்டி வண்டிகளில் பிடிப்புக்காக அப்படித்தான் வைப்பார்களாம். பிறகு தெரிந்துகொண்டது.) முன்பக்கம் சின்னராசு எஞ்சினுக்குள் குனிந்திருந்தான்.

"காத்து கம்மியா இருக்குடா. ஏத்திவுடு."

சின்னராசு நிமிர்ந்தான். "இது போதுங்க ஐயா. ஏத்தினா தாங்குமான்னு—"

"சொன்னா செய்டா."

"சரிங்க."

4

எங்கள் வீட்டில் கந்தசாமி சொன்னதைத் திருப்பிக் கேட்கும் வழக்கம் இல்லை. இதை அவர் பெருமையாகவே சொல்லி வந்திருக்கிறார். எந்தக் காத்து என்று சின்னராசு கேட்கவில்லை. கந்தசாமியும் பாவாடையும் வெயிலுக்கு ஒதுங்கி மரத்தடிக்குப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு அங்கே நடந்த பேச்சைச் சின்னராசு வெகுநாள் கழித்துப் பாவாடையிடம் மட்டும் சொல்லியிருக்கிறான்.

"யாரு ஏத்தச் சொன்னது?" என்று கேட்டானாம் இளமாறன்.

"பெரியவருங்க."

"அப்பாவா?" ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டானாம். "சரி, வை."

இரண்டாம் ஓட்டத்தின் ஆறாவது வளைவில், எஞ்சினுக்குள் கனெக்டிங் ராடு என்கிற இரும்புத் தண்டு முறிந்து எஞ்சினைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தது. பழுக்கக் காய்ந்திருந்த டர்போவின் மேல் எண்ணெய் கொட்டித் தீப்பிடித்தது. டயருக்கு அடியிலும் எண்ணெய். வண்டி வழுக்கிப் பாறையில் மோதியது. கதவு திறக்கவில்லை. முதலில் ஓடியவன் பகலவன். இரண்டு கையும் வெந்துபோகிற வரைக்கும் அந்தக் கதவை—

(இந்தப் பத்தியை முடிக்க முடியவில்லை. முடிந்ததாக வைத்துக்கொள்ளவும்.)

5

விசாரணைக்கு வந்தவர்கள், காற்றழுத்தம் அளவுக்கு மேல் வைக்கப்பட்டிருந்தது என்று எழுதினார்கள். யார் சொல்லி என்று எழுதவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குச் சின்னராசு வந்தான். பந்தலுக்கு வெளியே நின்றான்.

"இன்னாத்துக்குடா வந்த? எம் புள்ள வண்டியில இன்னாடா பண்ண?"

"நீங்கதானேங்க காத்து ஏத்தச் சொன்னீங்க."

கந்தசாமிக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. டயர் என்ற சொல் வாய்வரை வந்தது. பந்தலில் சம்பந்தி வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள்.

"குடிச்சிட்டு வந்து உளர்றான். வெளிய அனுப்புங்க" என்றார்.

சின்னராசு இடுப்பில் கட்டியிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அந்த ஒரு வாக்கியம் ஊரில் வளர்ந்தது. போட்டியன்றே குடித்திருந்தான் என்று ஆனது. இப்போது அவன் பட்டறையில் லாரிகள் நிற்பதில்லை. அவனும் ஊராரிடம் வாய் திறக்கவில்லை.

(சின்னராசு என்கிற பாத்திரத்தின் மேல் எழுதுகிறவருக்குச் சந்தேகம் உண்டு. ஒரு மனிதன் இவ்வளவு பேசாமல் இருப்பானா? கற்பனையாக இருந்தால் திருத்தியிருக்கலாம். ஒரு முறையாவது அவனைக் கத்தவிட்டிருக்கலாம்.)

6

முடிவு ஒன்று: கந்தசாமி உளுந்தூர்பேட்டையில் இறங்கிப் பட்டறைக்கு நடக்கிறார்.

(நன்றாகத்தான் இருக்கிறது. நடக்கவில்லை. மூன்று முறை பேருந்து அந்த வழியாகப் போனது. மூன்று முறையும் அவர் நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.)

முடிவு இரண்டு: குற்றம் அந்த இருபது குதிரையுடையது. ஒரு கம்பெனி கூடக் கொடுத்ததும் இன்னொரு கம்பெனி குறைத்துக் கொடுத்ததும்தான்—

(யாருக்கும் வலிக்காத முடிவு. அதனாலேயே வேண்டாம். பேனாவைப் பிடிக்க முடியாத கையோடு பகலவன் இருக்கிறான்.)

முடிவு மூன்று: கோகிலவாணி இதைப் படித்து முடித்து

இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை. அதை நீதான் எழுத வேண்டும், அம்மா. பாப்பாவுக்கு எடுத்து வை. அல்லது உன் பிறந்த வீட்டாரைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டு. அல்லது அடுப்பில் போடு. எதைச் செய்தாலும் தடுக்க மாட்டேன்.

ஒன்றை மட்டும் மாற்றாதே. ஊரில் சொல்வது தவறு. சின்னராசு பதினாறாம் நாளும் குடித்திருக்கவில்லை. போட்டியன்றும் குடித்திருக்கவில்லை.