சக்கரம் கட்டிய காம்பரா

பதுளையில் எரிந்த மோட்டருக்குக் கம்பி சுற்றுகிற ஆள் யார் என்று கேட்டால் ஒரு காலத்தில் எல்லோரும் ரெங்கசாமியின் கடையைத்தான் கைகாட்டுவார்கள். இருபத்தைந்து வருடம் ஊரார் தண்ணீர் மோட்டரையும் கிரைண்டரையும் திருத்திக் கொடுத்த மனுசன், ஐம்பத்தெட்டு வயதில் கடையை மூடிவிட்டு, வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு பழைய சின்ன பஸ்ஸை வாங்கி வாசலில் நிறுத்தினார். இருக்கைகளை எல்லாம் கழற்றி எறிந்தார். உள்ளே ஒரு கட்டில், காஸ் அடுப்பு, கைகழுவும் தொட்டி, சின்ன பிரிட்ஜ், தலைக்குமேல் வரிசையாக லைட் என்று எட்டு மாதம் அதற்குள்ளேயே கிடந்தார். வீடும் பஸ்ஸும் ஒன்றானால் ஊர் ஊராகப் போய் தங்கலாம், அறை எடுக்க வேண்டியதில்லை என்பது அவருடைய கனவு. இந்த வயதில் கனவு வந்தால் வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தூக்கம் போகும்.

தூக்கம் போனது தனலெட்சுமிக்கு. ரெங்கசாமியின் மனைவி. எட்டு மாதமும் அந்த பஸ்ஸின் படியில் அவள் கால் வைத்ததை அவர் பார்க்கவில்லை. விசாரிக்கிறவர்களுக்கெல்லாம் ஒரே பதில் வைத்திருந்தாள்.

"பத்துக்குப் பன்னெண்டு லயத்துக் காம்பராவுல பொறந்து, அதுலருந்து வெளிய வர எனக்கு இருபத்தஞ்சு வருசம் ஆச்சு. இப்ப இந்த மனுசன் அதே காம்பராவுக்குச் சக்கரத்தக் கட்டி அதுலயே படுக்கச் சொல்றாரு."

சொல்லிவிட்டு அவளே முதலில் சிரிப்பாள். ரெங்கசாமியும் கூடச் சேர்ந்து சிரித்துவைப்பார். ஆனால் உள்ளே சுருக்கென்று தைக்கும். ஏனென்றால் அவள் சொன்ன அளவு சரி. நீளத்தில் கூடியது அகலத்தில் குறைந்து, பஸ்ஸின் உள்பக்கம் கிட்டத்தட்ட, தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில் ஒரு குடும்பத்துக்கென்று கொடுக்கிற ஒற்றை லயத்து அறைதான். கட்டிலை அளந்து போட்ட அன்றே அவருக்கு அது தெரியும். வாயைத் திறக்கவில்லை.

இதற்கிடையில் எல்ல என்ற ஊரில் சுற்றுலா வருகிற வெள்ளைக்காரர்களுக்கு வண்டி வாடகைக்கு விடுகிற பர்ஹான் வந்து பஸ்ஸைப் பார்த்தார். பார்த்த கையோடு விலை கேட்டார். "குடுத்துருங்க" என்றாள் தனலெட்சுமி. ரெங்கசாமி கெஞ்சினார். கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள்.

"ஒரே ஒரு பயணம். நானும் வர்றேன்," என்றாள். "ஒரு லைட்டு அணையாம வண்டி திரும்பி வந்தா நீங்களே வச்சுக்கங்க. அணைஞ்சா பர்ஹான் தம்பிக்குக் குடுத்துரணும். பேசுனா பேசுனதுதான்."

ரெங்கசாமிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கரண்டுக்காரனிடம் போய் லைட்டை வைத்துப் பந்தயம் கட்டுகிறாளே! போகிற இடத்தையும் அவரே முடிவு செய்தார். மடுல்சீமைப் பக்கம், அவர்கள் இருவரும் வேலை செய்து, பழகி, கல்யாணம் முடித்த தோட்டம். அந்தப் பெயரைக் கேட்டதும் தனலெட்சுமி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அது சம்மதமா கோபமா என்று முப்பது வருடமாக அவருக்குப் பிடிபடாத விசயம்.

சனிக்கிழமை மதியம் புறப்பட்டார்கள். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டியதெல்லாம் ரெங்கசாமி ஒருவர்தான். "சூரத்தேங்காய் ஒடைக்க நான் வரல" என்று தனலெட்சுமி வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டாள். அவருக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. பட்டப்பகலில் அத்தனை லைட்டையும் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார்.

பசறை தாண்டி, மலைத்தண்ணீர் குழாய் வழியாகக் கொட்டுகிற ஒரு பீலியடியில் தேநீர் குடிக்க நிறுத்தினார்கள். தனலெட்சுமி கோப்பையைக் கழுவப் போய் குழாயைத் திறந்தாள். தண்ணீர் பம்ப் ஒரு முறை உறுமியது. உடனே லைட், விசிறி, பிரிட்ஜ் எல்லாம் மொத்தமாகப் போனது. குழாயை மூடினாள். எல்லாம் மங்கலாகத் திரும்பி வந்தது.

"ஒண்ணு," என்றாள்.

"பம்புல ஏதோ கோளாறு புள்ள. லைட்டுல ஒண்ணும் இல்ல."

"லைட்டுந்தான் அணைஞ்சிச்சு. நான் பாத்தேன்."

ரெங்கசாமி மீட்டரை எடுத்தார். வீட்டுச் சாமான்களுக்கென்று கட்டிலுக்கடியில் தனியாக ஒரு பெட்டரி வைத்திருந்தார். மேலிருந்த ரப்பர் மூடியைக் கழற்றாமல், இடுக்கு வழியாக மீட்டர் முனையை அதன் தலையில் குத்திப் பார்த்தால் பன்னிரண்டே முக்கால். நிறைந்த பெட்டரி. பியூஸ் ஒன்றும் போகவில்லை. பம்பின் வயரைக் கழற்றிவிட்டு லைட்டை மட்டும் போட்டார். பரவாயில்லை போல எரிந்தது. ஆனால் விசிறியைச் சேர்த்ததும் லைட் சுருங்கியது. அப்படியானால் பம்ப் குற்றவாளி இல்லை. கரண்ட் வருகிற வழியில் எங்கேயோ யாரோ குறுக்கே நிற்கிறார்கள்.

மடுல்சீமை ஏறும்போது அவர் மனசுக்குள் ஒவ்வொரு வயராகப் பிடித்துக்கொண்டு போனார். சாலையும் சும்மா விடவில்லை. ஒவ்வொரு குழிக்கும் பின்னால் லைட் ஒருமுறை கண் சிமிட்டியது. தனலெட்சுமி எண்ணுவதை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது நாலரை மணி. கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு முன்னால் இருந்த வெட்டவெளியில் வண்டியை நிறுத்தினார். கீழே தேயிலைத் தொழிற்சாலை தெரிந்தது. ஸ்டோர் என்றுதான் அங்கே சொல்வார்கள். மூடி பத்து வருடத்துக்கு மேல் இருக்கும். பாதிக் கூரையில் தகரம் இல்லை. அந்த ஸ்டோரில்தான் ரெங்கசாமி இருபது வயதில் கரண்டு வேலைக்குச் சேர்ந்தார். தூள் சலிக்கிற அறையில் தனலெட்சுமி வேலை செய்தாள். இத்தனை மோட்டர் ஓடிய இடம் இப்படி வாய் பிளந்து நிற்கும் என்று அவர் நினைக்கவே இல்லை.

தனலெட்சுமி ஒரு கல்லில் உட்கார்ந்து எதிர் மலையைக் காட்டினாள். "அந்தா எங்க லயம். நாலாவது காம்பரா. யாரோ மஞ்ச சாயம் அடிச்சிருக்காங்க."

"ஆமா."

"எங்களுக்கு அப்ப ஏது கரண்டு? குப்பி லாம்புதான். ராவானா வாசல்ல ஒக்காந்து ஸ்டோரு லைட்டத்தான் பாத்துக்கிட்டு இருப்போம். நீங்க வேலைக்கு வந்த பெறகு, அதுல ஒண்ணு அணைஞ்சா எனக்குச் சந்தோசமா இருக்கும்."

"அதுல என்னா சந்தோசம்?"

"ஏணியத் தூக்கிக்கிட்டு நீங்க வருவீங்கல்ல," என்றாள். சொன்ன பிறகு முகத்தைச் சடக்கென்று திருப்பிக்கொண்டு, "வேலையப் பாருங்க, பொழுது போகுது," என்று அதட்டினாள்.

ரெங்கசாமி வேலையைப் பார்த்தார். வண்டியின் உடம்போடு சேர்க்கிற எர்த் வயரைக் கழற்றி, அடியில் இருந்த பெயின்ட்டைச் சுரண்டிப் பளபளவென்று ஆக்கித் திரும்பப் பூட்டினார். பயனில்லை. சுவிட்ச் பலகையைப் பிரித்து ஒவ்வொரு முனையையும் இறுக்கினார். பயனில்லை. பலகைக்கு வருகிற வயரையே மாற்றிப் புது வயர் இழுத்தார். லைட் அதே சோம்பலோடு எரிந்தது. பெட்டரியின் தலையில் பூட்டியிருக்கிற கவ்விகளை மட்டும் அவர் தொடவில்லை. அது அவர் கையாலேயே காலையில் பூட்டியது. ராத்திரி முழுக்க பெட்டரியை வீட்டுக் கூடத்தில் வைத்து சார்ஜ் ஏற்றி, விடியற்காலை அரைஇருட்டில், கண்ணாடி கூடப் போடாமல் தடவித் தடவிப் பூட்டி, மேலே ரப்பர் மூடியையும் போட்டிருந்தார். தன் கையைச் சந்தேகப்படுகிற கரண்டுக்காரன் எங்கே இருக்கிறான்!

ஆறு மணியாகும்போது மனுசன் களைத்துப் போனார். கட்டிலுக்கடியில் தலையை விட்டுக்கொண்டு, "நீ ஒருக்கா அந்தப் பம்பப் போடு தனம், கையெடுக்காத" என்றார். அவள் குழாயைத் திறந்தாள். லைட் செத்துப் பிழைத்தது. சூடேறிய ரப்பர் மூடியிலிருந்து மெதுவாக ஒரு வாசனை எழுந்தது. எரிகிற வயரின் நாற்றமாக இருக்கும் என்று அவர் பயந்தார். அது சந்தன வாசனை.

மூடியைக் கழற்றினார். கவ்வியைத் தளர்த்தித் தூக்கினார். பெட்டரியின் தலையைச் சுற்றிக் கட்டியாகச் சந்தனம் காய்ந்திருந்தது. நடுவில் குங்குமம். அடுத்த முனையிலும் அதே பூச்சு. ஈயத்துக்கும் கவ்விக்கும் நடுவில் சந்தனம் சட்டமாக உட்கார்ந்துகொண்டு, கரண்டைப் போக விடாமல் மறித்திருந்தது.

ரெங்கசாமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் காலத்தில் ஆயுதபூசைக்கு மறுநாள் காலை ஸ்டோரில் அவருக்கு முதல் வேலை இப்படிச் சந்தனம் துடைப்பதுதான். முந்தின நாள் சலிக்கிற அறைப் பெண்கள் சந்தனக் கிண்ணத்தோடு வந்து கண்ணில் பட்டதற்கெல்லாம் பொட்டு வைத்துவிட்டுப் போவார்கள். மண்ணெண்ணெய்த் துணியால் சுவிட்ச் வாயெல்லாம் துடைக்காமல் மோட்டரைப் போட முடியாது. ஒரு வருடம் பெரிய சுவிட்சின் கத்தி போன்ற செம்புத் தகடுகளிலேயே அப்பிவிட்டார்கள். கோபத்தோடு சலிக்கிற அறைக்குள் போய், "யாரு என் சுவிட்சுக்குள்ள சந்தனத்தப் பூசுனது?" என்று சத்தம் போட்டார். ஒரு பெண் சல்லடையைக் கீழே வைக்காமலே, "நான்தான். ஏன், ஒங்க சுவிட்சுக்குச் சாமி வேணாமா?" என்று கேட்டாள். அறை முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். அதற்கடுத்த வருடம் அவளைக் கல்யாணம் செய்துகொண்டார்.

டோர்ச்சை அடித்து வண்டிக்குள் தேடினார். அடுப்புக்குப் பின்னால் ஒரு பொட்டு. பிரிட்ஜுக்கு அடியில் ஒன்று. கட்டில் காலில், ஸ்டியரிங்குக்குக் கீழே, பம்பின் முதுகில். அவர் கண்ணில் படாத இடமாகப் பார்த்துப் பார்த்து வைத்திருந்தாள். படியில் கால் வைக்காதவள், அவர் தூங்கும்போது வண்டி முழுக்க நடந்திருக்கிறாள்.

"தனம், இங்க வா. யாரு வேல இது?"

அவள் எட்டிப் பார்த்தாள். கவ்வியையும் சந்தனத்தையும் பார்த்ததும் முகம் வெளிறியது. ஆனால் வாய் அசரவில்லை. "பொட்டு வைக்காத வண்டியில மலை ஏற எனக்கென்ன பைத்தியமா? என் உசுருக்கு வச்சேன். ஒங்க வண்டிக்கு ஒண்ணும் வைக்கல."

அவர் துணியை நனைத்து இரண்டு முனையையும் துடைத்தார். கத்தி முனையால் பளபளவென்று சுரண்டிக் கவ்விகளை இறுக்கினார். பிறகு துணியில் ஒட்டியிருந்த குங்குமத்தை விரலில் கொஞ்சம் தொட்டு, கரண்டுக்குத் தொந்தரவில்லாமல் பெட்டரியின் பக்கவாட்டில் ஒரு பொட்டு வைத்தார். பம்ப், விசிறி, பிரிட்ஜ், லைட் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டார். ஒரு லைட்டும் மங்கவில்லை. மடுவத்துச் சுவர் வரைக்கும் வெளிச்சம் போய் விழுந்தது.

"பாத்தியா! வண்டியில ஒரு கொறையும் இல்ல. ஒன் சந்தனந்தான்."

"கொறை யாரதா இருந்தா என்ன? லைட்டு அணைஞ்சிச்சா இல்லியா?"

அவர் அவளைப் பார்த்தார். விளையாட்டுக்குச் சொல்கிறாளோ என்று தேடினார். முகத்தில் ஒரு துளி சிரிப்பில்லை.

"அணைஞ்சிச்சு," என்றார்.

"அப்ப பேசுனது பேசுனதுதான். மேல பாறைகிட்டப் போனா சிக்னல் கெடைக்கும். பர்ஹான் தம்பிக்கு இப்பவே சொல்லிட்டு வாங்க."

ரெங்கசாமிக்குக் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது. பாறைக்கு ஏறுகிற பாதை முழுக்க அவர் அந்த எட்டு மாதத்தையும் நினைத்தார். இனி வாசல் காலியாகக் கிடக்கும். காலையில் எழுந்து என்ன செய்வது? லயத்தை விட்டுப் போக அவள் பட்ட பாடு அவருக்குத் தெரியும். அவளைத் திரும்ப ஒரு அறைக்குள் அடைக்கப் பார்த்தது தன் தப்புத்தான், கேட்டபடி கொடுத்துவிடுவதே மரியாதை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொல்லியும் மனசு கேட்கவில்லை. பாறையில் நின்று நம்பரை அழுத்தினார்.

"தம்பி, ரெங்கசாமி பேசுறேன். வண்டிய நீங்களே எடுத்துக்கங்க. திங்கக்கெழம வாங்க."

அந்தப் பக்கம் பர்ஹான் சிரித்தார்.

"என்ன அண்ணே இது? அக்கா செவ்வாக்கெழமையே எனக்குக் கோல் எடுத்து, வண்டி விக்க மாட்டோம், வேற பாத்துக்கன்னு சொல்லிட்டாங்களே. நான் வேற வண்டிக்கு அட்வான்ஸும் குடுத்துட்டேன்."

"செவ்வாக்கெழமையா?"

"ஆமா அண்ணே. ஒங்ககிட்டச் சொல்லிராதன்னாங்க. என்னக் கேக்காம வண்டி வாங்குனவரு, சனிக்கெழம வரைக்கும் பயந்துகிட்டுத் திரியட்டும்னாங்க."

ரெங்கசாமி போனை வைத்தார். முகத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டார். இறங்கி வரும்போது கால் தரையில் படவில்லை.

தனலெட்சுமி பஸ்ஸின் படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இரண்டு கோப்பை தேநீர்.

"தம்பி கெடச்சாரா?"

"கெடச்சாரு."

"என்னா சொன்னாரு?"

அவர் அவளை நகரச் சொல்லிப் படியில் பக்கத்தில் உட்கார்ந்தார். "ரொம்பப் பொல்லாத பொம்பளயக் கட்டியிருக்கீங்க அண்ணேன்னாரு."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டு ஒரு கோப்பையை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"நாளைக்கு எங்க போறோம்?" என்று கேட்டாள்.