சம்பந்தி வீட்டு ஆட்டுத்தலை

ஒராஸ்பெக் கால்நடை டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து வலது கை மடங்கிப்போன பிறகு, தால்திகோர்கான் நகரில் இருக்கும் எங்கள் சிகிச்சைக் கூடத்துக்கு வந்தார். முதல் நாள் இடது காதில் நான் கிளிப்பை மாட்டியதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஆயுசு பூரா ஆட்டுக் காதுல நம்பர் வில்லை மாட்டினேன். இப்ப ஆடுங்க பழி வாங்கிடுச்சு. எனக்கு என்ன நம்பர் போட்டிருக்கே தங்கச்சி?"

"நம்பரெல்லாம் கிடையாதுண்ணே. ஓடிப்போனா நாங்க தேட மாட்டோம்."

வேலை இதுதான். அவர் கையை அசைக்கும் அதே நொடியில் நான் பொத்தானை அழுத்த வேண்டும். காது வழியாக நரம்புக்கு ஒரு சின்ன மின்துடிப்பு போகும். கை செய்ததை மூளை பதியவைத்துக்கொள்ள அது உதவும் என்பது நம்பிக்கை. முந்தி அழுத்தினாலும் வீண், பிந்தி அழுத்தினாலும் வீண். ஆக, பகல் முழுக்க அடுத்தவர் விரலைப் பார்த்துக்கொண்டிருப்பது என் பிழைப்பு. அலுப்பான பிழைப்புதான்.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் விருந்து வருகிறது. முக்கிய விருந்தாளி என்ற மரியாதைக்காக, வேகவைத்த ஆட்டுத்தலையைச் சம்பந்தி ஜுமாதில் இவர் முன்னால் வைப்பார். இவர் அதை அறுத்து, துண்டு துண்டாக எல்லோருக்கும் கையால் கொடுக்க வேண்டும். அதுவரை ஒருவரும் சாப்பாட்டில் கைவைக்க மாட்டார்கள். இடது கையால் கொடுப்பதைவிடப் போகாமலே இருந்துவிடலாம். நோய் வந்ததிலிருந்து அவர் எந்த விருந்துக்கும் போகவில்லை.

கத்தி பிடிப்பது சீக்கிரமே வந்துவிட்டது. ரொட்டியை அறுத்தார், பிறகு இறைச்சியை அறுத்தார். தகராறெல்லாம் விடுவதில்தான். பக்கவாதக் கையின் குணம் அது, பிடிக்கும், விடாது.

"விரலைத் திறக்கப் பழகுங்கண்ணே."

"குடுக்கிறது என்ன பெரிய வித்தையா? அறுக்கிறதுதான் வித்தை. கத்தியைக் கொண்டா."

மூலையில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி கான்ஷாயிம் சும்மா இருக்கவில்லை. "இந்த மனுஷன் கையிலேர்ந்து எதுவும் சுலபமா வராதும்மா. நோய்க்கு முந்தியே அப்படித்தான்."

விருந்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். இயந்திரம் கூடத்திலேயே கிடந்தது. தலை வந்தது, மூக்கு ஒராஸ்பெக்கைப் பார்த்தபடி. கன்னத்துத் தோலை மெதுவாக, சுத்தமாக அறுத்தார். தாம்பாளத்தில் இறைச்சியின் மேல் கொழுப்பு உறையத் தொடங்கியது. யாரும் அசையவில்லை. என் கட்டைவிரல் மட்டும் இல்லாத பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தது.

முதல் துண்டை எடுத்து ஜுமாதிலிடம் நீட்டினார். அவர் உள்ளங்கையை விரித்தார். ஒராஸ்பெக்கின் விரல்கள் திறக்கவில்லை.

ஒராஸ்பெக் பல்லைக் கடித்தார். கை இன்னும் இறுகியது. இடது கை உதவிக்கு எழுந்து, பாதியிலேயே நின்றுவிட்டது. கான்ஷாயிம் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அங்கிருந்து எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

பெரியவர்கள் கையால் இறைச்சி எடுத்துச் சின்னவர்கள் வாயில் ஊட்டுவது எங்கள் வழக்கம். ஜுமாதிலோ ஒராஸ்பெக்கைவிட மூத்தவர், ஊட்டிவிட வேண்டியவரே அவர்தான். எவனுக்கும் வணங்காத ஆள் என்று ஊரே சொல்லும். அவர் விரித்த கையை மடக்கிக்கொண்டு, முழங்காலாலேயே நகர்ந்து வந்து, வாயைத் திறந்தார்.

"என்ன சம்பந்தி பாக்குறீங்க? ஊட்டுறதுன்னா சட்டுன்னு ஊட்டுங்க. பசி உயிர் போகுது."

ஒராஸ்பெக் கையை அவர் வாயருகே கொண்டுபோனார். ஜுமாதில் துண்டைப் பல்லால் உருவி எடுத்து மென்றார்.

"விரலையும் சேத்துக் கடிச்சிட்டேனா?"

"கடிச்சீங்க." ஒராஸ்பெக்கின் குரல் உடைந்திருந்தது. "வலிக்குது."

"அப்ப கை உசுரோடதான் இருக்கு. அடுத்தவனுக்குப் போடுங்க."

ஒவ்வொருவராக முழங்காலிட்டு வந்தார்கள். இடது கை துண்டுகளை வலது கையில் செருகிக் கொடுத்தது. அதை யாரும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. விரல்கள் அன்று கடைசிவரை திறக்கவே இல்லை. என் முறையும் வந்தது. குனிந்தேன். அவர் விரல்முட்டி என் முகவாயில் இடித்தது. துண்டை வாயில் வாங்கி, கண் கலங்க, மெல்லாமல் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"விளக்கெண்ணெய் குடிச்ச மாதிரி மூஞ்சியை வெச்சுக்காதே தங்கச்சி," என்றார். "மெல்லு. பின்னாடி ஆள் நிக்கிறாங்க."