ஆளுக்கொரு குருத்து

தாராவியில் எங்கள் சபை கோயில் கட்டுவதற்கு முன்பே அந்தப் பனை அங்கே நின்றது. தோல் பதனிடும் கொட்டகைகளுக்கும் சாக்கடைக்கும் நடுவில், யார் நட்டதென்று தெரியாமல், ஒற்றையாக. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் அதன் நிழல் நகர நகரத் தாங்களும் நகர்ந்து உட்கார்ந்து வசனம் படிப்பார்கள். ஓலைகளில் தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கும். சால் என்கிற வரிசைக் குடியிருப்பில் எங்கள் அறை ஜன்னலைத் திறந்தால் கண்ணில் படும் ஒரே பச்சை அதுதான்.

அறுபத்திரண்டாம் வருஷம், ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில், போதகர் ஒரு பிரசங்கம் செய்தார். கடவுள் ஆதாமுக்குக் கொடுத்த முதல் உத்தியோகம் தோட்டக்காரன் உத்தியோகம். படைப்பைக் காக்கிற அந்த வேலையிலிருந்து நம்மை யாரும் இன்னும் நீக்கவில்லை என்றார். சபை முழுவதும் ஆமென் சொன்னது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆராதனை முடிந்த கையோடு கமிட்டி கூடி, குருத்தோலை ஞாயிற்றுப் பவனிக்கு வெளியிலிருந்து ஓலை வரவழைப்பதில்லை, நம் மரத்திலேயே வெட்டிக்கொள்வது என்று தீர்மானித்தது.

என் கணவர் ஆபிரகாம் கமிட்டிக்குச் செயலாளர். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் சொன்னார்.

"மாட்டுங்கா இங்கிலீஷ் சபைக்காரன் பாத்து அசந்துபோணும்ட்டி. கமிட்டி ஆளுங்க பன்னெண்டு பேரும் முன்னால. ஆளுக்கொரு முழுக் குருத்து. மஞ்சமஞ்சேர்னு!"

"பன்னெண்டா? ஒத்த மரத்துலயா?"

"பின்ன?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

ஒரு பனையில் விரியாத குருத்து மூன்றோ நாலோ இருக்கும். ஒன்றிரண்டை எடுத்தால் மரம் பொறுத்துக்கொள்ளும். பன்னிரண்டு வேண்டுமென்றால் கொண்டைக்குள்ளே தோண்ட வேண்டும். தோண்டினால் மரம் செத்துப்போகும். இது அவருக்குத் தெரியும். கமிட்டியின் மற்றப் பதினொரு பேருக்கும் தெரியும். ஏனென்றால் எங்கள் அப்பாக்கள் எல்லோரும் பனையேறிகள். பம்பாய் ரயிலில் ஏறிய அன்றே நாங்கள் பனையிலிருந்து இறங்கிவிட்டோம். என் மாமனார் ஊரில் 'வியாபாரம்' செய்தவர். என்ன வியாபாரம் என்று நான் கேட்டதில்லை. அவர் சாகக் கிடந்தபோது நெஞ்சில் மரம் உராய்ந்து காய்த்துப்போன தழும்பைப் பார்த்தேன். அப்போதும் கேட்கவில்லை. எங்கள் சபையில் பனையைப் பற்றி ஒரு வார்த்தை சரியாகச் சொல்லிவிட்டால் போதும், "ஓகோ, உங்க வீட்டுல..." என்று ஒரு புருவம் உயரும். ஆகையால் ஒரு மரத்தை நன்றாக அறிந்த பன்னிரண்டு பேர், ஒன்றும் அறியாதவர்களைப் போல ஏகமனதாகக் கை தூக்கியிருந்தார்கள்.

வாயை மூடிக்கொள்ள எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. எங்கள் மகள் ஞானசுந்தரியை ஏஞ்சலம்மாள் தன் மகனுக்குக் கேட்டிருந்தாள். செம்பூரில் சொந்த மளிகைக் கடை, மாதர் சங்கத்தின் தலைவி. பையன் கப்பல் கம்பெனியில் கிளார்க். ஞானசுந்தரிக்கும் அவனைப் பிடித்திருந்தது. அவன் பெயரைச் சொன்னால் அடுப்படியில் பாத்திரம் விழும். பெண் பார்க்க வந்த அன்று ஏஞ்சலம்மாள் சொன்னாள்: "எனக்கு நகை நட்டு ஒண்ணும் வேண்டாம் ரோசம்மா. குடும்பம் நல்லாயிருக்கணும். பனங்காட்டு வாடை மட்டும் இருக்கப்படாது." என் வீட்டுக் கருப்பட்டிக் காப்பியை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்துக்கொண்டுதான் சொன்னாள்.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை பிற்பகல் கோயிலில் மாதர் சங்க ஜெபக்கூட்டம். ஓலை வெட்டும் ஆளும் அன்றைக்குத்தான் வருவதாக இருந்தது.

எங்கள் சங்கத்தில் யாரிடமும் எதையும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. கண்ணை மூடிக்கொண்டு கர்த்தரிடம் சொல்வோம். கேட்க வேண்டியவர் காதில் விழுந்துவிடும். சொர்ணம்மாள் தன் மருமகள் சோற்றைக் குழைய விடுவதை மூன்று வருஷமாகப் பரலோகத்துக்குத் தெரிவித்து வருகிறாள். ஜெபத்தில் சொன்னதற்கு யாரும் சண்டைக்கு வர முடியாது. அந்த வசதியை நானும் பயன்படுத்திக்கொள்ளத் தீர்மானித்தேன். என் விசுவாசத்தின் அளவு அவ்வளவுதான். மனுஷருக்குச் சொல்லப் பயந்ததைக் கடவுளின் முதுகுக்குப் பின்னால் நின்று சொல்லுதல்.

"இரக்கமுள்ள பிதாவே," என்று தொடங்கினேன். "வெளியே நிற்கிற மரமும் உம்முடைய சிருஷ்டி. அடியாளுக்கு மரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும், கொண்டையில் அதிகமாகக் கை வைத்தால் பட்டுப்போகும் என்று யாரோ பேசக் கேட்டிருக்கிறேன். கமிட்டியாருக்கு ஞானத்தைத் தாரும்."

சொர்ணம்மாள் உடனே பிடித்துக்கொண்டாள். "ஆமா ஆண்டவரே! எனக்கும் ஒண்ணும் தெரியாது. கேள்விப்பட்டதுதான். நடுக் குருத்தை விட்டுட்டு, பக்கத்துச் சாரோலையை மட்டைக்கு ஒரு சாண் மேல சாய்ச்சு அறுத்தா மரத்துக்குச் சேதமில்லையாமே, ஸ்தோத்திரம்!"

"அருவாளைக் கீழயிருந்து மேலாக்க இழுக்கணுமாம், கர்த்தாவே," என்றது பின்வரிசையில் ஒரு குரல். "எங்க பக்கத்து வீட்டுக்காரங்க சொன்னது."

ஒன்றும் தெரியாத பெண்கள் ஒவ்வொருவராகக் கடவுளுக்குப் பனையைப் பற்றிப் பாடம் நடத்தினார்கள். மனம் லேசாயிற்று. எல்லோருமாகச் சேர்ந்து சொல்லிவிட்டோம், இனி அவர் பார்த்துக்கொள்வார் என்று தோன்றியது. ஜெபத்தில் எனக்கு எப்போதும் மிகவும் பிடித்த இடம் இதுதான், பொறுப்பு கை மாறுகிற இடம்.

கடைசியாக ஏஞ்சலம்மாள் ஆரம்பித்தாள். தலைவியின் ஜெபம். ஆதியாகமத்தில் தொடங்கி நிதானமாக வருவது.

அவள் நோவாவின் பேழையை எட்டியபோது வெளியே சத்தம் கேட்டது. சரக்கென்று ஒரு வெட்டு, பிறகு ஓலை விழும் சத்தம். மறுபடி ஒன்று. பக்கத்தில் முழங்காலிட்டிருந்த சொர்ணம்மாளின் மூச்சு நின்று வந்தது. நான் ஒரு கண்ணைத் திறந்தேன். அவளும் ஒரு கண்ணைத் திறந்திருந்தாள். இரண்டு பேரும் மூடிக்கொண்டோம்.

மூன்றாவது விழுந்தது. அதற்குப் பிறகு வெட்டும் சத்தம் மாறியது. ஓலையில் விழுகிற சத்தமில்லை. சதையில் விழுகிறது போல மெத்தென்று கேட்டது. உள்ளே போகிறான். அங்கே இருந்த எந்தப் பெண்ணுக்கும் அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஏஞ்சலம்மாளின் குரல்கூட ஒரு நொடி தடுக்கியது. பிறகு, "பேழைக்குள் ஜோடி ஜோடியாக ஜீவன்களைக் காப்பாற்றினவரே," என்று இன்னும் உரக்கத் தொடர்ந்தாள்.

ஜெபத்தின் நடுவில் எழுந்து போவது எங்கள் சபையில் பிள்ளைத்தாய்ச்சிக்கு வலி கண்டால் மட்டும் மன்னிக்கப்படும். நான் ஞானசுந்தரியை நினைத்தேன். கடவுளை நினைத்தேனா என்று கேட்டால், இல்லை. ஆனால் இவ்வளவு நேரம் அவரிடம் சொன்னதற்கெல்லாம் அவர் திருப்பி என்னைப் பார்த்து, "சரி, நீ எங்கே இருக்கிறாய்?" என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டிருக்கிறேன் என்றல்லவா சொல்ல வேண்டியிருக்கும்? எழுந்தேன். முழங்கால் சொடக்கிட்டது. நடந்தேன்.

வெயிலில் கண் கூசியது. குருவிக் கூடுகள் தரையில் கிடந்தன. உச்சியில் ஒரு மராட்டிக்காரன், கள் இறக்கிப் பழகியவன், இடுப்புக் கயிற்றில் சாய்ந்து நின்று கொண்டைக்குள் அரிவாளை விட்டிருந்தான்.

"அந்தர் மத் காட்டோ!" என்று கத்தினேன். "மர் ஜாயேகா!" உள்ளே வெட்டாதே, மரம் செத்துப்போகும்.

அவன் குனிந்து பார்த்தான். "மாலூம் ஹை, பாயி. தும்ஹாரா சாப் லோக் பாரா போலா."

அவனுக்கும் தெரியுமாம். எங்கள் சாப்கள், கமிட்டி ஐயாமார்தான், பன்னிரண்டு என்று சொன்னார்களாம். தெரியாதவர் அந்த வட்டாரத்திலேயே இல்லை.

"கம் படேகா தோ ஜவாப் கோன் தேகா?" என்றான். குறைந்தால் பதில் சொல்வது யார்?

"ஹம் தேகா!" என்றேன், பதில் நான் சொல்லுவேன் என்று. பிறகு, இந்தி பற்றாமல், என் அப்பா கீழே நின்று மரத்தின் மேலிருக்கும் தன் தம்பிக்குச் சொல்லும் அதே குரலில், திருநெல்வேலித் தமிழில் சொன்னேன்: "நடுக் குருத்துல இரும்பு படப்படாதுவே! எடுத்தது போதும், எறங்கு!"

கோயில் ஜன்னல்கள் திறந்துதான் இருந்தன. அவன் இறங்கினான்.

நான் உள்ளே திரும்பிப் போகவில்லை. ஏஞ்சலம்மாள் ஒரு தீர்க்கதரிசியையும் விட்டுவிடாமல் ஜெபத்தை முடித்தாள்.

அன்று மாலை கமிட்டியில் என் கணவர் என்ன பதில் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. வந்ததும், "செபத்துக்கு நடுவுல எந்திச்சிட்டியாமே?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமா."

"மரம்..." என்று தொடங்கி நிறுத்தினார். "நடு தப்பிச்சிட்டாட்டி?"

"தப்பிச்சிட்டு."

அவர் தலையை ஆட்டிவிட்டுச் சட்டையைக் கழற்றப் போனார்.

மறுநாள் காலை, ஆராதனைக்கு முன்பே, சொர்ணம்மாள் சேதி கொண்டுவந்தாள். ஜெபத்தின் நடுவில் எழுந்து போகிற பயபக்தியில்லாத வீட்டில் பெண்ணெடுக்க ஏஞ்சலம்மாளுக்கு மனம் ஒப்பவில்லையாம். வேறு காரணம் ஒன்றுமில்லையாம். இதை இரண்டு தரம் சொல்லச் சொன்னாளாம்.

ஞானசுந்தரி வெள்ளைச் சேலையை உடுத்திக்கொண்டு எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். அவளிடம் எந்த மரத்தைச் சொல்லி நான் நியாயம் பேசுவது?

குருத்துகளைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து, சபையார் எல்லோருக்கும் ஒவ்வொன்று கொடுத்தார்கள். போதகர் பிரசங்க பீடத்தில் ஏறி, மாதர் சங்கத்தின் ஊக்கமான ஜெபத்தால் கர்த்தர் நம் மரத்தைக் காப்பாற்றினார் என்று சாட்சி சொன்னார். சபை ஆமென் என்றது. ஏஞ்சலம்மாள் அடக்கமாகத் தலை குனிந்தாள்.

பவனி மரத்தைச் சுற்றி வந்தபோது அவள் எனக்கு நேர் எதிரே இருந்தாள். எல்லோரும் பாடிக்கொண்டிருந்தார்கள். அவள் அண்ணாந்து பார்த்தாள். கண்ணைச் சுருக்கி, கொண்டையில் வெட்டு எவ்வளவு ஆழம், நடுக் குருத்து நிமிர்ந்து நிற்கிறதா என்று, பனங்காட்டில் பிறந்தவர்கள் மட்டும் பார்க்கிற விதத்தில். பார்த்து முடித்தபோது முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அப்போது நான் அவளைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாள்.

உடனே கண்ணை மூடிக்கொண்டாள். ஜெபித்திருப்பாள்.