படிக்கட்டுக்குக் கீழே இருந்த டிரம்

நாலு படி ஏறினால் போதும், தச்சரின் நெஞ்சுக்குள் யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதுபோல ஒரு சத்தம் வரும். அவர் மனைவி இரண்டு வருடமாக அந்தச் சத்தத்துக்குப் பின்னாலேயே மாடி ஏறிக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒருநாள் பட்டறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அவரை டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதெல்லாம் மரத்தூள். இத்தனை வருஷமா உள்ள போயிருக்கு. இன்னும் போச்சுன்னா என்கிட்ட வந்து பிரயோஜனம் இல்ல."

"தொழிலை விடணுமா?" என்றார் தச்சர்.

"தூளை விட்டாப் போதும்."

வெளியே வந்ததும் தச்சர் சிரித்தார். "தூள் இல்லாத மரவேலையாம். தண்ணி படாம குளிக்கச் சொல்றார்."

அவள் சிரிக்கவில்லை. கதவு, ஜன்னல்களைத் தேய்த்து மெருகு போடுவது அவள் வேலை. பட்டறையில் பறக்கும் தூளில் பாதி அவளுடைய சாண்டர் மெஷினிலிருந்து வருவதுதான். புருஷன் நெஞ்சில் கிடப்பது தன் கையால் பறக்கவிட்டது என்று அவளுக்கு அன்றே தோன்றிவிட்டது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பட்டறை கீழே, வீடு மேலே. பட்டறையின் பின்சுவரை ஒட்டி மரப்படிகள் பதினொன்று. மாடிக்கு வேறு வழி கிடையாது. மேலே அவர்கள் இரண்டு பேரும், கல்யாணம் செய்துகொள்ளாத தச்சரின் அக்காவும் இருந்தார்கள்.

அடுத்த வாரமே அவள் வேலையை ஆரம்பித்தாள். மூடிப்போன ஒரு மாவு மில்லில் கிடந்த பழைய ப்ளோயரை வாங்கி வந்தாள். அது காற்றை உறிஞ்சும். கூடவே தூளும் வரும். உறிஞ்சிய தூள் விழ ஒரு நீல பிளாஸ்டிக் டிரம். நடுவில் நாலு இன்ச் குழாய். கணக்கு அவ்வளவுதான். ஆனால் நாலு மெஷினுக்கும் நாலு விதமான வாய். ரம்பத்துக்கு வட்டம், இழைப்பு மெஷினுக்குச் சதுரம், துளைபோடும் மெஷினுக்கு ஒரு பிளவு, சாண்டருக்கு மிதித்து நசுக்கிய டப்பா மாதிரி ஒன்று. எந்தக் கடையிலும் அதற்குப் பொருந்தும் இணைப்பு இல்லை.

"கிடைக்கலன்னா செஞ்சுக்கலாம்" என்றாள்.

தச்சர் கடைசலில் கூம்பு கூம்பாக மரக்கட்டைகளைக் கடைந்து கொடுத்தார். ஒரு பக்கம் குழாயின் அளவு, மறுபக்கம் மெஷின் வாயின் அளவு. அவள் குழாயின் முனையைச் சூடான காற்று அடிக்கும் துப்பாக்கியின் முன்னால் மெதுவாகச் சுற்றுவாள். வெந்த தோல்போலத் துவண்டதும் கட்டைமேல் ஒரே அழுத்தாக இறக்கி, ஈரத்துணியைச் சுற்றி, நூறு வரை எண்ணுவாள். முதல் மூன்று கருகிப்போயின. நாலாவது பொருந்தியது, ஆணி பசை எதுவும் இல்லாமல். ஒவ்வொரு மெஷினுக்கும் ஓர் அடைப்பும் செய்தாள்: இரண்டு ப்ளைவுட் பலகைக்கு நடுவே வழுக்கி ஓடும் ஒரு தகடு. இழுத்தால் வழி திறக்கும், தள்ளினால் மூடும். ஓடுகிற மெஷினின் அடைப்பை மட்டும் திறந்து வைத்தால் இழுவை முழுவதும் அங்கேயே போகும்.

தச்சர் அவளைக் குழாயம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார். நாத்தனாரும் பிடித்துக்கொண்டாள்.

ஓட்டிப் பார்த்த முதல் நாள், ரம்பத்திலிருந்து எழுந்த தூள் காற்றில் பறக்க நேரமில்லாமல் குழாய்க்குள் ஓடியது. தச்சர் குனிந்து பார்த்தார். "நம்ம தரை சிவப்பா? நான் சாம்பல் கலர்னு இல்ல நெனச்சிட்டிருந்தேன்."

ஒரு மாதத்தில் அவருடைய இருமல் பாதியானது. படியில் ஏழாவது வரை நிற்காமல் ஏறினார். அவள் அதை மனதுக்குள் எண்ணிக்கொண்டே பின்னால் போனாள்.

பிறகு பக்கத்துக் கட்டிடத்துப் பல் டாக்டர் வந்தார். ப்ளோயர் போடுகிற சத்தத்தில் நோயாளிகள் பயப்படுகிறார்களாம்.

"அவர் மெஷின் போடுற சத்தத்துக்குப் பயப்படலையாமா?" என்றாள் மாடியிலிருந்து நாத்தனார்.

ஆனாலும் பக்கத்தில் இருப்பவரைப் பகைத்துக்கொள்ள முடியாது. படிக்கட்டுக்குக் கீழே ஒரு சின்ன அறை இருந்தது. பழைய சாமான் போடும் இடம். ப்ளோயரையும் டிரம்மையும் அங்கே தள்ளினார்கள். கிழிந்த மெத்தைகளைப் பிரித்து உள்சுவர் முழுக்க ஆணியடித்தாள் அவள். கதவை இறுக்கமாகப் பொருத்தினார் தச்சர். சத்தம் அடங்கிவிட்டது. பல் டாக்டர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். அதுதான் அவர்கள் செய்த தவறு. அன்றைக்கு அது சாமர்த்தியமாகத்தான் தெரிந்தது.

டிரம் கண்ணில் பட்ட வரைக்கும் வாரம் ஒருமுறை கொட்டினார்கள். கண்ணுக்கு மறைந்ததும் பத்து நாள் ஆயிற்று, இருபது நாள் ஆயிற்று. இதற்கிடையே, தூள் உள்ளே உரசி ஓடியதில், குழாயைத் தொட்டவர்களுக்கு ஷாக் அடித்தது. சுருக்கென்று, ஊசி குத்தியதுபோல. அவள் வெறும் செம்புக் கம்பியைக் குழாய் நெடுகச் சுற்றித் தரையில் இறக்கினாள். அது நின்றது. ஒரு தொந்தரவு தீர்ந்ததில் எல்லாமே தீர்ந்த மாதிரி இருந்தது.

நாத்தனார் குளியலறையில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டது அந்தச் சமயத்தில்தான். தொடை வரை மாவுக்கட்டு. "ஆறு வாரம் நான் மகாராணி" என்று கட்டிலில் உட்கார்ந்தபடி மணியடித்து அதிகாரம் செய்தாள்.

ஒரு வியாழக்கிழமை காலை குழாயம்மா படிக்கட்டு அறையைத் திறந்தாள். உள்ளே எல்லாமே ஒரே நிறத்தில் இருந்தது. காற்று வெளியேற டிரம்மின் மேல் கட்டியிருந்த துணிப்பையின் தையல் வழியாக மெல்லிய தூள் கசிந்து, மோட்டார்மேல், மெத்தைமேல், படிகளின் அடிப்பக்கம் என்று விரல்கடை உயரத்துக்குப் படிந்திருந்தது. தூளா அது, முகத்துக்குப் போடும் பவுடர்போல இருந்தது. "அட கடவுளே" என்றாள் மெதுவாக. அந்த மூச்சுக்கே எதிரே இருந்த தூள் எழுந்து, விழாமல் அப்படியே நின்றது. அவளுக்கு ஏனோ அங்கே பேசக்கூடாது என்று தோன்றியது. கதவைச் சத்தம் வராமல் சாத்தினாள்.

"ஞாயித்துக்கிழமை அந்த ரூமைச் சுத்தமா வழிச்சுக் கொட்டிடணும்" என்றாள் தச்சரிடம்.

"சனிக்கிழமை கதவு போயிடட்டும். அப்புறம் நானே பண்றேன்."

இடித்த ஒரு பழைய கட்டிடத்திலிருந்து வந்த பன்னிரண்டு கதவுகள் அவை. தேய்த்துப் புதிதாக்கிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு கதவிலும் தலை போன ஆணிகள். அவள் காந்தத்தைத் தடவித் தடவிக் கண்டுபிடித்துப் பிடுங்கினாள். வெள்ளிக்கிழமை மதியம் ஒன்பதாவது கதவை சாண்டரில் வைத்தபோது கிறீச்சென்று ஒரு சத்தம். ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொறிக்கோடு சீறி எழுந்தது. தரையில் ஒன்றுகூட விழவில்லை. அத்தனையும் வளைந்து, அவள் செய்த வாய்க்குள் போய்விட்டன.

அவள் மெஷினை நிறுத்தினாள். ப்ளோயரையும் நிறுத்தினாள். தச்சர் பக்கத்தில் வந்து குழாயைத் தடவிப் பார்த்தார்.

"ஆணியா?"

"ஒண்ணு விட்டுப்போச்சு. பொறி உள்ள போச்சுங்க."

அவர் அறைக் கதவைத் திறந்து தலையை நீட்டினார். புகை இல்லை. மோப்பம் பிடித்தார். "ஒண்ணுமில்ல. போற வழியிலயே அணைஞ்சிருக்கும். வா, சாப்பிடலாம். அக்கா மணி அடிக்க ஆரம்பிச்சிடுவா."

அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் கண்ணுக்கு எதுவும் தெரியாதபோது எதைச் சொல்லி நிறுத்துவது? கதவைச் சாத்திவிட்டு மேலே போனார்கள். சாண்டரின் அடைப்பு திறந்தபடியே இருந்தது.

சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவும்போது நாத்தனார் கேட்டாள்: "ஏதோ தீயற வாசனை வரல?"

"அடுப்பை அணைச்சாச்சு அண்ணி."

"அப்போ உன் சமையல் என் வயித்துக்குள்ள போய்த் தீயுது போல."

தச்சர் சிரித்தார். அவள் கையைத் துடைத்துக்கொண்டே படியில் இறங்கினாள். செருப்பு மேலே இருந்தது, வெறுங்கால். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஐந்தாவது படி கதகதப்பாக இருந்தது. ஆறாவதில் காலை வைத்தாள். வெயிலில் கிடந்த கல்போலச் சுட்டது.

அவள் கத்தவில்லை. நாலைந்து படிகளைத் தாண்டிக் கீழே குதித்து, அங்கிருந்து மேலே பார்த்தாள். அடங்கிய குரலில்தான் சொன்னாள்: "என்னங்க. அண்ணியைத் தூக்கிட்டு வாங்க. இப்பவே."

படியின் தலைமாட்டில் நின்ற தச்சர் அவள் முகத்தைப் பார்த்தார். "நான் வந்து அந்த டிரம்மை வெளிய இழுத்துப் போட்டுடறேன், அதுக்குள்ள நீ..."

"கதவைத் திறக்கக்கூடாது. திறந்தா தூள் கிளம்பிடும், அவ்வளவுதான். அண்ணியைத் தூக்குங்க."

அவர் உள்ளே ஓடினார். அவள் பட்டறையின் பெரிய ஸ்விட்சைத் தள்ளி மின்சாரத்தை நிறுத்தினாள். திரும்பியபோதுதான் சாண்டரைக் கவனித்தாள். தூளை உறிஞ்சிக்கொண்டிருந்த வாயிலிருந்து கறுப்பாக ஒரு புகை வெளியே வந்துகொண்டிருந்தது. கொஞ்சம் வரும், நிற்கும், உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுபடி வரும். படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் எதுவோ அவள் செய்த குழாய் வழியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

அவள் ஓடிப்போய் அடைப்பைத் தள்ளினாள். நகரவில்லை. சூட்டில் குழாய் தொய்ந்து தகட்டைக் கவ்வியிருந்தது. இரண்டு கையாலும் பிடித்து, முகத்தை அதன் மேலேயே வைத்துத் தள்ளினாள். ஒரு வாய் நிறையப் புகை தொண்டைக்குள் இறங்கியது. பிளாஸ்டிக் எரிந்த அந்தப் புகை மிளகாய்போலக் காந்தியது. தகடு நகர்ந்து மூடியது. புகை நின்றது.

திரும்பிப் படிக்கட்டின் அடியில் வந்து நின்றாள். தச்சர் அக்காவை முதுகில் சுமந்துகொண்டு இறங்கி வந்தார். மாவுக்கட்டுக் கால் ஒருபக்கம் நீட்டிக்கொண்டு கைப்பிடியில் இடித்தது. முதல் படி, இரண்டாவது படி. நாலாவது படியில் அவருக்கு மூச்சு அடைத்தது. சுவரில் தோளைச் சாய்த்து நின்றுவிட்டார். அந்த உப்புத்தாள் சத்தம் கீழே வரை கேட்டது.

"நிக்காதீங்க" என்று சொல்ல வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை.

"டேய், என்னை இங்க உக்கார வச்சிட்டு நீ போ" என்றாள் நாத்தனார்.

"வாயை மூடுக்கா."

"மூட்டை மாதிரி உருட்டியாவது விடு."

அவர் ஐந்தாவது படியில் கால் வைத்தார். ஆறாவதில் வைத்ததும் அவர் முகம் மாறியது, ஆனாலும் அவசரப்படவில்லை. அவள் அறைக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பச்சைப் பெயிண்ட் சின்னச் சின்னக் கொப்புளமாக எழும்பிக்கொண்டிருந்தது. உள்ளே சத்தமே இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

கடைசிப் படி வந்ததும் மாவுக்கட்டுக் காலை அவள் தாங்கிக்கொண்டாள். மூன்று பேருமாகப் பட்டறையைக் கடந்து, தெருவைக் கடந்து, எதிர்ப்பக்கச் சுவரோரம் போய் விழுந்தார்கள். தச்சர் பல் டாக்டரின் ஜன்னலில் கல்லை விட்டெறிந்தார். எட்டிப் பார்த்த டாக்டரிடம் கையாலேயே காட்டினார். டாக்டருக்குப் புரிந்தது. வாயில் பஞ்சோடு ஒரு பெண்ணும், வெள்ளை அங்கியோடு அவரும் வெளியே ஓடி வந்தார்கள்.

பெரிய வெடியாகக் கேட்கவில்லை. யாரோ ஒரு கனமான கம்பளத்தை உதறியதுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான். பட்டறையின் முன்கதவு வழியாக ஒரு மஞ்சள் நாக்கு தெருவின் பாதி வரை வந்துவிட்டுப் போனது. பிறகு மரம் முறிகிற சத்தம். படிகள் பதினொன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளே விழுந்தன.

தீயணைப்பு அதிகாரி மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்து விவரம் கேட்டார். பொறி தூளுக்குள் புதைந்து ஒரு மணி நேரம் கனன்றிருக்கிறது. சூட்டில் டிரம் உருகிச் சரிந்திருக்கிறது. அது விழுந்த அதிர்வில் அறையில் படிந்திருந்த தூள் முழுவதும் எழுந்து, ஒரே நொடியில் பற்றிக்கொண்டது.

அவளுக்குப் பேச முடியவில்லை. தொண்டை வெந்துபோயிருந்தது, கைகளில் கட்டு. பேனாவை விரல் இடுக்கில் செருகி ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினாள்: நான் அடைப்பை மூடினது சரியா?

அதிகாரி காகிதத்தை வாங்கிப் படித்தார். "மூடினதால தள்ளிப் போயிருக்கலாம்மா. மூடினதால உள்ளயே அடைஞ்சு பலமா அடிச்சிருக்கலாம். உண்மையைச் சொல்லணும்னா எனக்குத் தெரியாது."

அவர் போனபிறகு தச்சர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "கதவை இறுக்கமாப் பொருத்தினது நான். ஞாயித்துக்கிழமைன்னு தள்ளிப்போட்டதும் நான்."

அவள் எழுதினாள்: ஆணியை விட்டது நான்.

"இப்படி எழுதிக்கிட்டே போனா காகிதம் பத்தாது" என்றார். பேனாவை அவள் விரலிலிருந்து மெதுவாக உருவி எடுத்தார்.

பன்னிரண்டு நாள் கழித்து அவளுக்குக் குரல் திரும்பியது; ஆனால் பழைய குரல் இல்லை. காற்றில் பாதி கரைந்துபோகும் ஒரு குரல். நாத்தனார் கட்டைப் பிரித்தபின் மாடி இல்லாத வீடாகப் பார்த்தால்தான் வருவேன் என்று சொல்லிவிட்டாள். அப்படியே பார்த்தார்கள். பக்கத்திலேயே பட்டறைக்கு ஒரு திறந்த கொட்டகை கிடைத்தது. தகரக் குழாய்கள், தகரப் பீப்பாய்; அதுவும் கொட்டகைக்கு வெளியே, வெட்டவெளியில். ஒரு தகர வேலைக்காரர் வந்து எல்லாவற்றையும் செய்து மாட்டிவிட்டுப் போனார்.

முதல் நாள் வேலை தொடங்குமுன், மெஷின்களைச் சரிபார்த்துவிட்டுத் தச்சர் ப்ளோயரின் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் போய் நின்றார். அவளும் வந்து நின்றாள்.

"நீ போடறியா?" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். போடுகிறேன் என்றா மாட்டேன் என்றா, அவருக்கு விளங்கவில்லை. திரும்பக் கேட்கவும் இல்லை. இரண்டு பேரும் ஸ்விட்சைத் தொடாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்கள்.